ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறு புல்கட்டிகள்

போன மாதம் என் மருமகன் பாலக்காட்டில் கட்டியிருக்கும் புது வீட்டுக்கு முன்னால் புல்தரை போட ஒரு சிறிய லாரி வந்தது. கோரைப்பாய் போலப் புல்லைச் சுருட்டி அடுக்கியிருந்தார்கள். அறுபத்திரண்டு சுருள். இறக்கும்போது ஒவ்வொன்றின் ஓரத்தையும் தூக்கி அடிப்பக்கம் பார்த்தேன். பத்தொன்பதாவது சுருளில் மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க பெரியவரே, அடியில பாம்பா தேடறீங்க?" என்றார். மண் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன். மண் இல்லாமல் யாராவது புல் கொண்டுவருவார்களா என்று சிரித்தார். நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்லவில்லை. மீதி நாற்பத்து மூன்றையும் பார்த்து முடித்தேன்.

என்னோடு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் யானையைப் பற்றியும் துரைமார் வளர்த்த நாய்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். என்னையும் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். முப்பத்தைந்து வருட வேலையில் யானையை நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் ஓடினேன். அதில் எழுத ஒன்றுமில்லை. ஆகவே புல்லைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். அப்பாவுக்குக் கடலைக்காடு இருந்தது. பத்தாவது முடித்து, பாலக்காட்டில் ஒன்பது மாதம் டைப்பிங் படித்து, தெரிந்தவர் ஒருவரின் கடிதத்தோடு வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ரைட்டராகச் சேர்ந்தேன். கேரளம் என்ற மாநிலம் உருவாவதற்கு ஓரிரண்டு வருடம் முந்திய காலம் அது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடுவது, கூடை எண்ணுவது, கொழுந்து நிறுப்பது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. முதல் ஆறு மாதம் தற்காலிகம். எனக்கு எண்ணுவது என்றால் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். இப்போதும் மாடிப்படி ஏறினால் எண்ணிக்கொண்டுதான் ஏறுகிறேன், ஒரு படி குறைந்தால் திரும்ப இறங்கிப் பார்க்கிறேன். அன்று அந்த வேலை எனக்காகவே உண்டாக்கியது போல இருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் என் கொங்குப் பேச்சையும் எண்ணிக்கையையும் சேர்த்தே கேலி செய்வார்கள். பேச்சி என்று ஒருத்தி, "ரைட்டரய்யா, எந்தலையில பேனு எத்தனைன்னும் எழுதிக்கிடுங்க, அதையும் 'இத்தனைங்க'ன்னு சொல்லுவீக" என்பாள்.

எனக்கு மேலே, மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் தங்கையா. திருநெல்வேலிக்காரர். ஐம்பத்திரண்டு வயது, காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால்வரை கம்பளிக் காலுறை, கையில் பிரம்பு. பிரம்பால் யாரையும் அடித்ததில்லை. அவருடைய ஆயுதம் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. களை எடுக்கும் நாட்களில் மலைச்சரிவில் வரிசையாக வந்து, ஏதாவது ஒரு பெண்ணின் கூடைக்கு முன்னால் நிற்பார். கைக்குட்டையைத் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் சிறு கல் வைப்பார். கூடைக்குள் கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி களையை எடுத்து, அதன் மேல் மூன்று தடவை உதறுவார். விழுந்த மண் ஒரு தேக்கரண்டிக்கு மேல் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு அன்று அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலைதான் கணக்கில் ஏறும். சத்தம் போட மாட்டார். கைக்குட்டையை மடித்து, மண்ணைத் தேயிலைச் செடியின் தூரிலேயே கொட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போவார்.

அவர் சொன்னது நியாயம். அந்தச் சரிவுகளில் ஒரு மழைக்கு எவ்வளவு மண் ஆற்றுக்குப் போகிறது என்பதைப் பார்த்தவர் அவர். "கொழுந்து இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும். போன மண்ணு எங்க வரும்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். ஆகவே எங்கள் எஸ்டேட்டில் ஒரு பெண் புல்லைப் பிடுங்கினால் அதை அதே கையால் உதறுவாள். பிடுங்குவதும் உதறுவதும் ஒரே அசைவு. இருபது வருடம் அப்படிச் செய்தவர்கள் அந்த எஸ்டேட்டில் நிறையப் பேர்.

இனி புல்தரைக்கு வருகிறேன்.

துரை பங்களா எட்டு மாதம் காலியாக இருந்தது. அந்தச் சமயத்தில் கூரை மாற்றினார்கள். பழைய தகரம், புதுத் தகரம், மரம், சுண்ணாம்பு எல்லாம் முன்பக்கப் புல்தரையில்தான் கிடந்தன. தோட்டக்காரரும் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். புது துரை வந்தபோது பங்களாவுக்கு முன்னால் செம்மண் பொட்டல்தான் இருந்தது. அவருடைய மனைவி மாதக் கடைசியில் கப்பலில் வந்து சேருவதாக இருந்தது. அதற்குள் முன்புறம் பச்சையாக வேண்டும் என்றார். விதை போட்டு முளைக்க நாள் இல்லை. ஓடைக்கரைப் பள்ளத்தில் நல்ல புல் இருக்கிறது, அதை மண்ணோடு சாண் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்து பதிப்பது என்று முடிவாயிற்று. கண்டக்டர் மேற்பார்வையை என்னிடம் விட்டார். எனக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. இதில் பேர் வாங்கினால் வேலை நிரந்தரம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

இடத்தை அளந்தேன். ஒரு வரிசைக்கு நாற்பத்தெட்டு கட்டி, முப்பத்தேழு வரிசை. மொத்தம் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறு. தரையைக் கொத்தி, கல் பொறுக்கி, சமன் செய்ய மூன்று நாள் ஆயிற்று. பிறகு பள்ளத்தில் நான்கு ஆண்கள் மண்வெட்டியால் சதுரம் சதுரமாகக் கீறிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு பெண்கள் அவற்றைப் பெயர்த்துக் கூடையில் அடுக்கி, மேட்டில் ஏறி பங்களாவுக்குச் சுமந்தார்கள். அங்கே தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் ஆட்கள் நான்கு பேர் வந்த கூடையை வந்த வரிசையிலேயே பதித்தார்கள். நான் பள்ளத்தின் வாயில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்.

முதல் நடையில் கூடைக்குப் பன்னிரண்டு கட்டி. கூடை கனத்தது, பெண்கள் முனகினார்கள். இந்த வேகத்தில் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு நான் கவலையில் இருந்தேன். அப்போது கண்டக்டர் ஏழாம் நம்பர் மலைக்குப் போகும் வழியில் எங்களைக் கடந்தார். நிற்கக்கூட இல்லை. மண் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு கூடையைப் பிரம்பால் தொட்டு, "என்னம்மா இது, மண்ணோட?" என்று கேட்டுவிட்டுப் போனார். அரை நிமிடம் இருக்காது.

இரண்டாம் நடையில் கூடைக்கு முப்பத்தாறு வந்தது. கடைசி ஐந்தாம் நடை வரை அப்படியே வந்தது. நான் பன்னிரண்டையும் முப்பத்தாறையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, முப்பத்தாறுக்கு அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன். வேலை இரண்டே நாளில் முடிந்தது.

ஒருத்தி மட்டும் எல்லா நடைக்கும் பன்னிரண்டே கொண்டுவந்தாள். அவள் பெயர் செல்லக்கனி. தென்காசிப் பக்கம் ஒரு நெல் விளையும் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கொழுந்து எடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள், களை எடுக்க இன்னும் போகவில்லை. கணவன் கவாத்து ஆள். இரண்டு பேர் வேலை செய்தால்தான் லயத்தில், அதாவது ஆட்களின் வரிசை வீட்டில், ஓர் அறை என்பது எங்கள் எஸ்டேட் வழக்கம். அவளுடைய பேரை நம்பித்தான் அந்த அறை இருந்தது. இரண்டு முறை அவளைக் கடிந்துகொண்டேன். சாயங்காலம் கண்டக்டரிடம் கொடுத்த குறிப்பில், 'செல்லக்கனி, இருமுறை எச்சரித்தும் குறைவு' என்று எழுதினேன்.

புல்லுக்குக் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினோம். தை மாத வெயில். நான்காம் நாள் பழுப்பு தட்டியது. ஒன்பதாம் நாள் வைக்கோல் நிறம். முன்பக்கத்து மூன்று வரிசையும், மற்ற இடத்தில் அங்கங்கே சில திட்டுகளும் மட்டும் பச்சையாக நின்றன.

காரணம் தேட எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. சுண்ணாம்பு கிடந்த இடம் என்றார் ஒருவர். அப்படியானால் சுண்ணாம்பே படாத கிழக்குப் பக்கம் ஏன் காய வேண்டும்? புழு என்றார் இன்னொருவர். நான் ஏழு இடத்தில் தோண்டிப் பார்த்தேன், மண்புழு மூன்றுதான் கிடைத்தது. ராத்திரிப் பனி என்றார்கள். பனி திட்டுத் திட்டாகவா பெய்யும்? பிறகு பதித்த ஆட்களில் ஒருவன், பச்சைத் திட்டெல்லாம் செல்லக்கனி கூடையில் வந்தவை என்று சொன்னான். அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. தன்னுடையதை விட்டுவிட்டு மற்றவர்களுடையதில் அவள் ஏதோ ஊற்றியிருக்கிறாள் என்றார்கள். அவள் கணவன் போன மாதம் மருந்து தெளிக்கும் கூட்டத்தில் இருந்தவன், மயில்துத்தக் கரைசல் அவன் கைக்கு எட்டும். ரைட்டர் திட்டிய கோபம் காரணம். என் குறிப்பு அதற்குச் சாட்சி.

துரை கண்டக்டரிடம், செய்தவள் பேரைச் சனிக்கிழமைக்குள் வெட்டி வேலையிலிருந்து அனுப்பச் சொன்னார். கண்டக்டர் என்னிடம், "தம்பி, உனக்குக் கையெழுத்து நல்லாருக்கு. நடந்ததை இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுது. துரை கேக்காரு" என்றார்.

வியாழக்கிழமை காலை ஆபீஸில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவதில், அவள் கொண்டுவந்தவற்றில் எத்தனை பிழைத்தன, மற்றவற்றில் எத்தனை காய்ந்தன என்று எழுத வேண்டியிருந்தது. 'சில', 'பல' என்று எழுத எனக்குக் கை வராது. நோட்டை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய் எண்ணினேன்.

பச்சையாக நின்றவை நூற்று எண்பத்தொன்பது. இன்னும் மூன்று பச்சைக் கட்டிகளைப் பங்களா நாய் தோண்டிப் போட்டிருந்தது. சேர்த்தால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. செல்லக்கனி கொண்டுவந்ததோ ஐந்து நடைக்கு அறுபதுதான். மீதி நூற்று முப்பத்திரண்டு யாருடையது?

முதல் மூன்று வரிசை நூற்று நாற்பத்து நான்கு. அது முதல் நடை. பன்னிரண்டு பெண்களும் ஆளுக்குப் பன்னிரண்டு கொண்டுவந்த நடை. அதில் செல்லக்கனியுடையது பன்னிரண்டுதான், மற்ற நூற்று முப்பத்திரண்டும் மற்றப் பதினொரு பேருடையது. அவை ஏன் பிழைத்தன? அவள் மருந்து ஊற்றியிருந்தால் அவற்றை எதற்கு விட்டாள்? முதல் நடைக்கும் இரண்டாம் நடைக்கும் நடுவில் என்ன நடந்தது? நோட்டைத் திருப்பினேன். பன்னிரண்டு, முப்பத்தாறு, அடியில் என் சிவப்புக் கோடு.

குனிந்து ஒரு காய்ந்த கட்டியைத் தூக்கினேன். காகிதம் போல வந்தது. வேரும் நாரும் மட்டும். பச்சைக் கட்டி ஒன்றைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை. கத்தியால் கீறி எடுத்தேன். அடியில் விரற்கடை கனத்துக்கு மண் இருந்தது.

ஒரு கூடைக்குள் திடீரென்று மூன்று மடங்கு புல் எப்படிக் கொள்ளும் என்று நான் ஒரு கணம்கூட யோசித்திருக்கவில்லை. சந்தோஷப்பட்டு கோடு போட்டிருக்கிறேன்.

இரண்டு கட்டியையும் எடுத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். வழியில் நான்கு தடவை நின்றேன். மண்ணை உதற வைத்த உத்தரவு உங்களுடையதுதான் என்று, ஐந்து மாத வேலைக்காரன் எப்படிச் சொல்வது? அவர் மத்தியானச் சாப்பாடு முடித்து வெளியே நின்று கை துடைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் படியில் வைத்தேன்.

பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தார். காய்ந்ததை எடுத்து மூன்று தடவை உதறினார். ஒன்றும் விழவில்லை. பச்சையை எடுத்து உதறினார். கைக்குட்டை சிவந்துபோயிற்று.

"நோட்டைக் கொடு" என்றார். வாங்கிப் பார்த்தார். "முப்பத்தாறுக்குக் கீள கோடு போட்டிருக்கே. யாரு போட்டது?"

"நானுங்க."

"எதுக்கு?"

"வேலை வேகமா நடக்குதுன்னு நெனைச்சனுங்க."

அவர் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் போற போக்குல சொன்னேன். நீ உக்காந்து எளுதினே. ரெண்டு பேரும் நல்லாத்தான் வேலை பாத்திருக்கோம்" என்றார். பிறகு காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, கைக்குட்டையை மண்ணோடு நான்கு மூலையும் சேர்த்துப் பிடித்து, இரண்டு கட்டிகளையும் எடுத்துக்கொண்டு துரையின் ஆபீஸுக்கு நடந்தார். நான் வெளியே நின்றேன். அவருக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. உள்ளே மேஜை மேல் எதையோ வைத்த சத்தம் கேட்டது. துரை ஏதோ கேட்டார். "மை ஆர்டர், சார்" என்று கண்டக்டர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்து துரை கேட்டது, திரும்பப் போட எத்தனை நாள் ஆகும் என்பதுதான். பேர் வெட்டுவதைப் பற்றி இருவருமே பிறகு பேசவில்லை. அது அப்படியே விழுந்துவிட்டது.

வெளியே வந்ததும் கண்டக்டர் என்னைப் பள்ளத்துக்கு அழைத்துப்போனார். பக்கத்து மலையில் கொழுந்தெடுத்த பெண்களில் மூன்று பேரைக் கூப்பிட்டு, உதறாமல் ஆளுக்கொரு கட்டி எடுக்கச் சொன்னார். பேச்சி புல்லைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள், தூக்கிய வேகத்திலேயே உதறிவிட்டாள். அடுத்தவளும் அப்படித்தான். மூன்றாமவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக எடுத்தாள், நிமிரும்போது கை தானாக ஒரு குலுக்குக் குலுக்கியது. மூவரும் சிரித்தார்கள். "கையி சொன்னபடி கேக்க மாட்டேங்கே கண்டக்டரய்யா. நீங்க வளத்த கையில்லா?" என்றாள் பேச்சி.

அவரும் சிரித்தார். நான் பார்த்த வரையில் அது முதல் தடவை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இனி யாரும் புல்லைக் கையால் பிடிக்கக் கூடாது என்றார். கூரையிலிருந்து கழற்றிய பழைய தகரத்தைச் சாண் அகலத்துக்கு வெட்டி, அதை மண்ணுக்கு அடியில் நுழைத்து, பலகாரம் எடுப்பது போலக் கட்டியைத் தூக்கித் தகரத்தோடு கூடையில் இறக்குவது என்று முறை வகுத்தார். பிறகு நாங்கள் எடுத்த ஆயிரத்து ஐநூற்று எண்பத்தேழும் அப்படி எடுத்தவைதான். துரையின் மனைவி வந்து இறங்கிய அன்று பாதிக்கு மேல் வேர் பிடித்திருந்தது. அந்த அம்மாள் அதைக் கவனிக்கவே இல்லை என்று சமையல்காரர் சொன்னார்.

ஆனால் அன்று மத்தியானம் அதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. தகரத்தைப் பிடித்துக் காட்ட செல்லக்கனியைக் கூப்பிடச் சொன்னார் கண்டக்டர். அவளுக்குத்தான் கை கெடவில்லை. பேச்சியின் சிரிப்பு நின்றது. பேர் வெட்டப்போகிறார்கள் என்று ஆபீஸ் வாச்சர் காலையிலேயே லயத்தில் சொல்லிவிட்டான், அவள் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏற அடிவாரத்துக்கு இறங்கிவிட்டாள், புருஷன் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு என்றாள். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தேன்.

வண்டிப்பெரியாருக்குக் குறுக்குப் பாதையில் மூன்று மைல். குமுளி பஸ் ஐந்து மணிக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாக ஆறு நிமிடம். ஆற்றுப்பாலத்துப் பக்கம் ஒரு கடைக்கு முன்னால் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். இன்னும் ஏதாவது எழுத வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

பேர் வெட்டவில்லை, கண்டக்டர் கூட்டிவரச் சொன்னார் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன்.

"புல்லை உதறக் கூடாதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியதுக்கு என்ன இருக்கு? எங்க ஊருல வாய்க்காக் கரை ஒடைஞ்சா மண்ணோட வெட்டி வச்சுத்தான் அடைப்போம். உதறிட்டா அது மாட்டுக்குப் போடத்தான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னேம்லா. ரெண்டாங் கூடையிலயே சொன்னேன். எண்ணிக்கைய மட்டும் சொல்லுங்கன்னுட்டீக. தலையத் தூக்கல."

எனக்கு ஞாபகம் இல்லை. நோட்டைப் பிறகு பல தடவை பார்த்தேன், அதில் அது இல்லை. நான் எழுதவில்லை.

"நான் எழுதினது தப்புங்க" என்றேன். அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "மறுபடி சுமந்தா ஒரு கூடைக்கு எத்தனை எழுதுவீக?" என்றாள்.

"பன்னிரண்டுங்க."

"பன்னெண்டோட கனம் எனக்குத்தான் தெரியும். ராத்திரி களுத்தைத் திருப்ப முடியல. பத்து."

மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு என்றால் நூற்று முப்பத்து மூன்று கூடை. பத்து என்றால் நூற்று ஐம்பத்தொன்பது. இருபத்தாறு கூடை கூட. ஆளுக்கு இரண்டு நடை கூட. ஒரு நாள் தள்ளிப் போகலாம். கண்டக்டரிடம் கேட்காமல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் 'கூடைக்குப் பத்து' என்று எழுதி, அவளிடம் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. இருந்தாலும் குனிந்து பார்த்தாள்.

பஸ் வந்து நின்றது. ஒன்பது பேர் ஏறினார்கள். செல்லக்கனி மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எஸ்டேட் பாதையில் எனக்கு முன்னால் நடந்தாள்.